துறைமுகச் சாலைக்குத் திட்டம் வேண்டாம், தெருவுக்கு வேண்டும்

2025 ஜூலை 26 அன்று பிரதமர் தூத்துக்குடியில் திறந்துவைத்தவற்றில் மூன்றைக் கவனிக்கலாம். வாகைக்குளம் விமான நிலையத்தின் புதிய முனையம், சுமார் 450 கோடி ரூபாய். வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தின் மூன்றாவது வடக்குச் சரக்குத் தளம், சுமார் 285 கோடி. தேசிய நெடுஞ்சாலை 138இன் துறைமுகச் சாலை 5.16 கிலோமீட்டருக்கு ஆறுவழியானது, சுமார் 200 கோடி. அதற்கு முந்தைய ஆண்டு பிப்ரவரியில் வெளித்துறைமுகச் சரக்குப் பெட்டக முனையத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அதன் மதிப்பு 7,056 கோடி. நெடுஞ்சாலைக்கோ துறைமுகத்துக்கோ இந்தப் பணத்தை ஒதுக்கும்போது, 'இந்த ஊரின் முழுமைத் திட்டத்தை முதலில் காட்டுங்கள்' என்று கேட்க வேண்டிய கட்டாயம் எந்தச் சட்டத்திலும் இல்லை.

அதே ஊரின் மாநகராட்சி பேருந்து நிலையத்தைப் புதுப்பிக்கவோ நடைபாதை போடவோ தில்லியிடம் கை நீட்டினால் கதை வேறு. நகர வளர்ச்சித் திட்டம் எங்கே, தனி நிறுவனம் பதிவு செய்தாயிற்றா, சொத்துவரியை ஏற்றினீர்களா, தணிக்கை செய்த கணக்கு இணையத்தில் ஏறியதா என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேள்வி வரும். திட்டம் இல்லையேல் பணம் இல்லை என்ற நிபந்தனையை நான் குறை சொல்லவில்லை. திட்டமில்லாமல் போட்ட சாலையைக் குடிநீர்க் குழாய்க்காக மறுமாதமே தோண்டுவதைப் பார்த்த எவரும் அதைக் குறை சொல்லமாட்டார்கள். அந்த நிபந்தனை யாரைக் கட்டுகிறது, யாரை விட்டுவிடுகிறது என்பதுதான் கேள்வி. அதைப் பார்க்கத் தூத்துக்குடியைப்போல் வசதியான ஊர் தமிழ்நாட்டில் வேறில்லை.

இந்த ஊரின் வழித்தடங்களை ஊர் முடிவு செய்ததைவிடக் கப்பல் முடிவு செய்ததே அதிகம். 1876இல் ரயில் வந்ததற்குப் பருத்தியும் இலங்கைப் பயணமும் காரணம். 1914இல் பாம்பன் பாலம் வழியே தனுஷ்கோடிக்குப் பாதை திறக்கும்வரை, சென்னையில் ரயிலேறிக் கொழும்புக்குப் போகிறவர்கள் இங்கேதான் கப்பலுக்கு மாறினார்கள். வ.உ.சி. 1906இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி போட்டியிட்டதும் அந்தத் தடத்தில்தான். தண்டவாளம் ஊருக்குள் வந்து முடிய, ஊர் அதன் இருபுறமும் வளர்ந்தது. ஒன்றாம் கேட், இரண்டாம் கேட் என்று கடவுகளே இடப்பெயர்களாயின. 1974 ஜூலையில் புதிய துறைமுகம் நாட்டின் பத்தாவது பெருந்துறைமுகமாகத் திறக்கப்பட்டபோது சரக்கின் மையம் ஊருக்குத் தெற்கே நகர்ந்தது. ஸ்பிக், அனல் மின்நிலையம், அவற்றைச் சுற்றிய குடியிருப்புகள், முத்தையாபுரம் என ஊரும் அந்தப் பக்கம் நீண்டது. 1866இல் நகராட்சியான ஊர் 2008 ஆகஸ்டில் மாநகராட்சியானது. 2011இல் சுற்றியிருந்த ஊராட்சிகளும் சேர்ந்து அறுபது வார்டுகள் ஆயின. இத்தனை மாற்றத்திலும் சாலைகளின் அச்சு மாறவில்லை: எல்லாம் கடலை நோக்கி ஓடுகின்றன, ஊரைக் குறுக்கே கடக்க வழி குறைவு.

இரண்டாம் கேட் அடைத்திருக்கும்போது அங்கே கொஞ்ச நேரம் நின்றால் போதும். முதலில் பைக்குகள் தடுப்புக் கட்டை வரை போய் முட்டி நிற்கும். அவற்றுக்குப் பின்னால் ஷேர் ஆட்டோ, அதற்கும் பின்னால் டவுன் பஸ். சைக்கிள்காரர் வண்டியைச் சாய்த்துக் கட்டைக்கு அடியில் நுழைவார். பள்ளிப் பிள்ளைகளும் அப்படியே. ரயில் போய்க் கட்டை தூக்கியதும் இரு பக்கத்துக் கூட்டமும் ஒரே நேரத்தில் நடுவில் மோதிக்கொள்ளும். தண்டவாளம் ரயில்வேயுடையது, பேருந்து மாநில அரசின் போக்குவரத்துக் கழகத்துடையது, ஆட்டோவுக்குப் பெர்மிட் கொடுப்பது வட்டாரப் போக்குவரத்து அலுவலகம், நெரிசலைப் பிரித்துவிடுவது காவல்துறை. மாநகராட்சியின் பங்கு ஓரத்துச் சாக்கடையும் தெருவிளக்கும். ஊர்ப் போக்குவரத்துக்குத் திட்டம் தீட்டி வா என்று அந்த மாநகராட்சியிடம்தான் சொல்கிறோம்.

சட்டத்தில் இதற்கெல்லாம் இடம் இல்லாமல் இல்லை. 1920ஆம் ஆண்டின் நகரமைப்புச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 1971ஆம் ஆண்டு தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் திட்டப் பகுதிகளை அறிவிக்கச் சொல்கிறது, அவற்றுக்குக் குழுமம் அமைக்கச் சொல்கிறது, முழுமைத் திட்டமும் அதற்குள் தெருவாரியான விரிவு அபிவிருத்தித் திட்டமும் வரையச் சொல்கிறது. சாலை அகலப்படுத்தும் கோடுகள் அந்த வரைபடங்களில்தான் வரும். அதே சட்டத்தின் 38ஆம் பிரிவு அந்தக் கோடுகளுக்கு ஆயுளும் குறித்திருக்கிறது: திட்டம் வெளியாகி மூன்று ஆண்டுக்குள் நிலத்தை எடுக்கும் நடவடிக்கை தொடங்காவிட்டால் ஒதுக்கீட்டிலிருந்து அந்த நிலம் விடுபட்டதாகிவிடும். நிலத்துக்காரர்கள் நீதிமன்றம் போய் இந்தப் பிரிவைக் காட்டி மீட்டுக்கொள்வது தமிழ்நாடு முழுக்க நடக்கிறது. அவர்கள்மேல் தவறில்லை. எடுக்காத நிலத்துக்காக ஒருவர் தலைமுறைக்கும் வீடு கட்டாமல் காத்திருக்க முடியாது. ஆனால் விளைவைப் பாருங்கள். வரைபடத்தில் அறுபது அடிச் சாலை இருக்கும், பூமியில் இருபதடிச் சந்து இருக்கும், நிலம் எடுக்கப் பணம் இல்லாததால் கோடும் செத்திருக்கும். திட்டம் இல்லாமல் பணம் இல்லை என்கிறோம். பணம் இல்லாமல் திட்டமும் இல்லை என்பதைச் சொல்ல மறக்கிறோம்.

1993 ஜூனில் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நகரமைப்பை நகராட்சிகளிடம் கொடுக்கச் சொன்னது. பன்னிரண்டாம் அட்டவணையின் முதல் இனமே அதுதான். நான்காவது இனம் சாலைகளும் பாலங்களும். பேருந்து நிறுத்தமும் வாகன நிறுத்துமிடமும்கூடப் பட்டியலில் உண்டு. பேருந்து இல்லை. நிறுத்தத்தை ஊருக்குக் கொடுத்துவிட்டு வண்டியைக் கொடுக்காத அந்தப் பட்டியல்தான் இன்றும் அமலில் இருக்கிறது. நடைமுறையில் நகரமைப்பும் பெரும்பாலும் மாநிலத்தின் நகர் ஊரமைப்பு இயக்ககத்திடமே தங்கிவிட்டது.

தில்லி நிபந்தனை போடத் தொடங்கியது 2005 டிசம்பரில், ஜவாஹர்லால் நேரு நகர்ப்புறப் புனரமைப்பு இயக்கத்தோடு. தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை மூன்றும் அதன் இயக்க நகரங்கள். நகர வளர்ச்சித் திட்டம் வரைந்து, சீர்திருத்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால்தான் தவணை வரும். 2006இல் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை வந்தது. வண்டிகளை அல்ல, மனிதர்களை நகர்த்துவதே நோக்கம் என்று அது சொன்னதை இன்றுவரை எல்லா அறிக்கைகளும் முதல் பக்கத்தில் எழுதுகின்றன, கடைசிப் பக்கத்துக்குள் மேம்பாலத்தில் போய் முடிகின்றன. முழுமையான போக்குவரத்துத் திட்டம் வரைய மத்திய அரசே செலவில் பங்கு கொடுத்தது. 2009இல் பேருந்து வாங்கப் பணம் கொடுத்தபோது, ஒருங்கிணைந்த போக்குவரத்து ஆணையம், தனி நகர்ப் போக்குவரத்து நிதி, வாகன நிறுத்தக் கொள்கை, விளம்பர வருவாய்க் கொள்கை என்று நீண்ட பட்டியல் சேர்ந்தது. பேருந்துகள் வந்தன. ஆணையத்துக்குச் சென்னையில் 2010இல் சட்டம் இயற்றினார்கள். அதன் முதல் கூட்டம் நடந்தது 2022இல். ஒரு நிபந்தனையைக் காகிதத்தில் நிறைவேற்றுவதற்கும் நடத்திக் காட்டுவதற்கும் நடுவே எவ்வளவு காலம் ஓடும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

தூத்துக்குடிக்கு இந்த வகைப் பணம் வந்தது பிறகுதான். 2017 ஜூனில் ஸ்மார்ட் சிட்டிப் பட்டியலில் திருச்சி, திருநெல்வேலி, திருப்பூரோடு இந்த ஊரும் சேர்ந்தது. நகரங்கள் போட்டிக்கு முன்மொழிவு அனுப்ப வேண்டும், தேர்வானால் மாநிலமும் மாநகராட்சியும் சரிபாதிப் பங்கு வைத்துத் தனி நிறுவனம் தொடங்க வேண்டும், மத்திய அரசு ஐந்தாண்டில் 500 கோடி வரை தரும், அதே அளவை மாநிலமும் நகரமும் போட வேண்டும் என்பது ஏற்பாடு. இங்கே பழைய பேருந்து நிலையம் இடித்துக் கட்டப்பட்டது, ஸ்மார்ட் சாலைகள் வந்தன, பூங்காக்கள் வந்தன. 2025 மார்ச்சோடு இயக்கம் முடிந்தது.

இதில் எனக்குள்ள குறை ஒன்றுதான், ஆனால் அது பெரியது. ஸ்மார்ட் சிட்டி முன்மொழிவு முழு நகரத்துக்கான திட்டம் அல்ல. ஒரு பகுதியைத் தேர்ந்து அதை மேம்படுத்துவதும் நகரம் முழுவதற்கும் ஒரு தொழில்நுட்பத் தீர்வும்தான் அதில் கேட்கப்பட்டன. பகுதியைத் தேர்ந்தால் நடு ஊர்தான் தேர்வாகும். காட்சிக்கு அதுதான் பொருந்தும். முத்தையாபுரத்திலிருந்து துறைமுகத்துக்கு ஷிப்டுக்குப் போகிறவருக்கும் திரேஸ்புரத்திலிருந்து மீன்கூடையோடு கிளம்பும் பெண்ணுக்கும் பழைய பேருந்து நிலையத்தின் கண்ணாடி முகப்பால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. அவர்களுக்கு வேண்டியது விடிகாலை நாலரைக்கு ஒரு பேருந்து. அதைத் தரும் அதிகாரம் ஸ்மார்ட் சிட்டி நிறுவனத்துக்கு இல்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் மழை இந்தக் குறையை எல்லோருக்கும் காட்டிவிட்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் சிக்கிக்கொண்டார்கள், தூத்துக்குடி மாநகரம் பல நாள் தண்ணீரில் நின்றது. அத்தனை மழைக்கு எந்த வடிகாலும் தாங்காது என்பது உண்மை. ஆனால் இந்த ஊர் சாதாரண வடகிழக்குப் பருவமழைக்கே தேங்குகிற ஊர். நிலம் தட்டை, கடல்மட்டத்தை ஒட்டியது, நடுவே பக்கிள் ஓடை. இப்படிப்பட்ட ஊரில் சாலை என்பது வடிகாலின் ஒரு பகுதி. சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டால் வீட்டு வாசல் பள்ளமாகிவிடும். நெடுஞ்சாலை உயர்ந்தால் அதன் ஒரு பக்கம் அணையாகிவிடும். ஆகவே இங்கே போக்குவரத்துப் பணத்துக்குக் கேட்க வேண்டிய முதல் நிபந்தனை மட்டப்படம்: எந்தத் தெரு கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், புதிய சாலையின் முதுகு எவ்வளவுக்கு மேல் போகக்கூடாது. அம்ருத் இயக்கத்தின் கீழ் 2015 முதல் நகரங்களுக்குப் புவித்தகவல் அடிப்படையில் முழுமைத் திட்டம் வரைய மத்திய அரசு தனியே பணம் கொடுத்தது. அடிப்படை வரைபடம் கையில் இருக்கும்போது மட்டப்படம் ஆகாத காரியமல்ல.

அடுத்து எண்ணிக்கை. மக்கள்தொகையை வைத்து வாசல் போடுவது இந்தியத் திட்டங்களின் வழக்கம். 2025 நவம்பரில் கோவை, மதுரை மெட்ரோ ரயில் முன்மொழிவுகளை மத்திய அரசு திருப்பி அனுப்பியது நினைவிருக்கும். 2017ஆம் ஆண்டு மெட்ரோக் கொள்கை குறித்த 20 லட்சத்தை 2011 கணக்குப்படி அந்த நகரங்கள் தொடவில்லை என்பது காரணம். தூத்துக்குடிக்கு யாரும் மெட்ரோ கேட்கப்போவதில்லை. ஆனால் 2023இல் அறிவித்த பிரதமரின் மின்பேருந்துத் திட்டம் 3 லட்சத்தை வாசலாக வைத்தது. 2011 கணக்கெடுப்பு நடந்தபோது தூத்துக்குடி மாநகராட்சி எல்லைக்குள் இருந்தவர்கள் சுமார் 2.37 லட்சம், ஒட்டிய பகுதிகளையும் சேர்த்த நகர்த்தொகுதியில் சுமார் 4.1 லட்சம். எந்த எண்ணை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து ஊர் வாசலுக்கு உள்ளேயும் நிற்கும், வெளியேயும் நிற்கும். அடுத்த கணக்கெடுப்பின் குறிநாள் 2027 மார்ச் 1. அதுவரை பதினாறு ஆண்டுப் பழைய எண்ணைத்தான் கோப்புகள் சுமக்க வேண்டும்.

நிதி ஆணையப் பணத்தின் கதையையும் சொல்லிவிடுகிறேன். பதினைந்தாவது நிதி ஆணையம் 10 லட்சத்துக்குக் குறைந்த நகரங்களுக்குக் கொடுத்த மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் கட்டப்பட்டது. சாலைக்குச் செலவிடத்தக்கது மிச்சமுள்ள 40 விழுக்காட்டில்தான். அதைப் பெறவும் சொத்துவரியின் குறைந்தபட்ச அளவை அறிவித்து, மாநில வளர்ச்சிக்கு ஏற்ப வசூலைக் கூட்ட வேண்டியிருந்தது. 2022 ஏப்ரலில் தமிழ்நாட்டில் சொத்துவரி உயர்ந்தபோது அரசு சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று. வரி கட்டும் வீட்டுக்காரர் 'என் தெருவுக்கு என்ன வந்தது' என்று கேட்பது நியாயமே. விடை இருக்கிறது, ஆனால் அவருக்குப் படிக்கக் கிடைக்கும் ஒரு பக்கத் தாளாக இல்லை.

இப்போது துறைமுகத்துக்கு வருவோம், ஏனென்றால் விஷயத்தின் முடிச்சு அங்கேதான். 2021ஆம் ஆண்டின் பெருந்துறைமுகங்கள் ஆணையச் சட்டம், 1963ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது. துறைமுக எல்லைக்குள்ளும் அதைச் சேர்ந்த நிலத்திலும் வரும் கட்டமைப்புகளுக்குத் துறைமுக வாரியமே தனி முழுமைத் திட்டம் வரையலாம் என்கிறது அது. அந்தத் திட்டம் மாநில அரசின், உள்ளாட்சியின் விதிகளைச் சாராதது. இரண்டும் முரண்பட்டால் வாரியத்தின் திட்டமே செல்லும். சென்னை, மும்பை போன்ற ஊர்களில் துறைமுகம் நகரத்துக்குள் ஒரு சிறு துண்டு. தூத்துக்குடியில் ஊரின் லாரி ஓட்டத்தை முடிவு செய்வதே துறைமுகம்தான். சரக்குப் பெட்டக நிலையங்கள் எங்கே வரும், ட்ரெய்லர்கள் எங்கே வரிசை நிற்கும், உப்பு லாரிகள் எந்த வழியாகத் திரும்பும் என்பதெல்லாம் ஊர் வரைபடத்தை நேரடியாக மாற்றும். பாளையங்கோட்டைச் சாலையை நான்கு வழியாக்கவும் நெடுஞ்சாலை ஆணையமும் துறைமுகமும் பங்குதாரர்களாக ஒரு தனி நிறுவனம் அமைந்தது. அதிலும் மாநகராட்சிக்கு நாற்காலி இல்லை.

ஆக, ஊரில் செலவாகும் போக்குவரத்துப் பணத்தில் பெரும்பங்கு ஊர்த்திட்டத்தைக் கேட்காமல் வருகிறது. சிறுபங்கு, ஊர்த்திட்டத்தைக் கறாராகக் கேட்டுக்கொண்டு வருகிறது. இதைத் தலைகீழ் என்றுதான் சொல்வேன்.

இந்தக் கரையின் பழைய தொழிலில் இதைவிட நேர்மையான முறை இருந்தது. முத்துக்குளிப்பு அறிவிக்கும் முன் கடலடிச் சிப்பிப் பார்களில் ஆளை இறக்கி மாதிரிச் சிப்பி எடுப்பார்கள், திறந்து முத்தை மதிப்பிடுவார்கள், கட்டுபடியானால்தான் குளிப்பு. 1961க்குப் பிறகு இங்கே குளிப்பு நடக்காததற்குக் காரணம் பார்களில் சிப்பி தேறாததுதான். வேண்டாம் என்று சொல்லும் தெம்பு அந்தச் சோதனைக்கு இருந்தது. நம் திட்ட நிபந்தனைகளுக்கு அது இல்லை. ஆலோசனை நிறுவனம் அறிக்கை கொடுக்கும், அறிக்கை கோப்பில் சேரும், தவணை வரும். ஊர்ப் பெயரை மாற்றினால் வேறு ஊருக்கும் பொருந்துகிற அறிக்கைகளைப் படித்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

வெளிநாட்டிலும் எல்லாம் சரியாக நடந்துவிடவில்லை. அமெரிக்காவில் 1962ஆம் ஆண்டின் நெடுஞ்சாலை உதவிச் சட்டம், 50,000 பேருக்கு மேல் வாழும் நகர்ப்பகுதிகளில் தொடர்ச்சியான, முழுமையான, கூட்டான திட்டமிடல் இருந்தால்தான் மத்தியப் பணம் என்று விதித்தது. 1991இல் வந்த சட்டம் பெருநகரத் திட்ட அமைப்புகளுக்குப் பணத்தின் மீதும் பிடி கொடுத்தது. வரும் என்று கணக்குக் காட்ட முடியாத பணத்தை நம்பித் திட்டத்தில் எதையும் சேர்க்கக்கூடாது என்றது. இங்கே கவனிக்க வேண்டியது: நெடுஞ்சாலைத் துறையையும் அந்த நிபந்தனை கட்டுகிறது. பிரேசில் 2012இல் 20,000 பேருக்கு மேற்பட்ட நகராட்சிகள் எல்லாம் நடமாட்டத் திட்டம் வரையாவிட்டால் மத்திய நிதி இல்லை என்றது. சிறு ஊர்களிடம் ஆளும் இல்லை, பணமும் இல்லை. கெடுவைத் திரும்பத் திரும்பத் தள்ளிவைத்தார்கள். இந்தியாவிலும் அதே ஆள்பஞ்சம். 2021இல் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கைப்படி நாட்டின் 7,933 நகர்ப்புறக் குடியிருப்புகளில் 65 விழுக்காட்டுக்கு முழுமைத் திட்டமே கிடையாது.

எனக்குப் பிடித்த முன்மாதிரி கலிபோர்னியாவுடையது. 1971இல் அங்கே போட்ட சட்டம் விற்பனை வரியில் ஒரு டாலருக்குக் கால் சென்ட்டை மாவட்ட அளவிலான உள்ளூர்ப் போக்குவரத்து நிதியாக ஒதுக்கியது. சிறிய, கிராமம் சார்ந்த மாவட்டங்கள் அந்தப் பணத்தைத் தெருவுக்கும் சாலைக்கும் திருப்பலாம். ஆனால் அதற்கு முன் பொதுக்கூட்டம் நடத்தி, நிறைவேறாத பேருந்துத் தேவை எதுவும் இருக்கிறதா என்று மக்களிடம் கேட்டாக வேண்டும். நியாயமாகத் தீர்க்கக்கூடிய தேவை மிச்சமிருந்தால் அதற்குத்தான் முதலில் பணம். ஆலோசனை நிறுவனத்தின் இருநூறு பக்கத்தைவிட இந்த ஒரு கேள்விக்கு வலு அதிகம். விடிகாலைப் பேருந்து கேட்கும் முத்தையாபுரத்துக்காரரும் கூடையை ஏற்ற இடம் கேட்கும் திரேஸ்புரத்துப் பெண்ணும் பேச அங்கே இடம் உண்டு.

அந்த இடம் நம் சட்டத்திலும் இருக்கிறது. 2022 நவம்பர் 1 முதல் தமிழ்நாட்டு நகரங்களில் பகுதி சபைகள் கூடுகின்றன. தெருவிளக்கு எரியவில்லை, குப்பை அள்ளவில்லை என்று மனு கொடுக்கும் கூட்டமாகவே அவை பெரும்பாலும் போய்விடுகின்றன. போக்குவரத்துக் கழகத்தின் கிளை மேலாளரும் வட்டாரப் போக்குவரத்து அலுவலரும் துறைமுகப் பிரதிநிதியும் ஆண்டுக்கு ஒருமுறையாவது அந்தச் சபைகளின் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் சொல்ல வேண்டும் என்று மாநில அரசு ஓர் ஆணை போட்டால் போதும். புதுச் சட்டம் தேவையில்லை.

இந்த ஊர் தனக்கு வேண்டியதைத் தானே முடிவு செய்து சாதித்த வரலாறும் உண்டு. நகராட்சித் தலைவராக இருந்த குரூஸ் பர்னாந்து வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரை 1927இல் ஊருக்குக் கொண்டுவந்தார். எந்தக் கப்பலுக்காகவும் வந்த தண்ணீர் அல்ல அது. போக்குவரத்தில் அப்படி ஒன்று இன்னும் நடக்கவில்லை.

என் தீர்ப்பு இது. திட்டம் இருந்தால்தான் பணம் என்ற விதி இருக்கட்டும், ஆனால் எல்லோருக்கும் ஒரே விதியாக இருக்கட்டும். மாநகர எல்லைக்குள் நெடுஞ்சாலை ஆணையமோ துறைமுகமோ ரயில்வேயோ பணம் போடும்போது, அந்த வேலை ஊரின் முழுமைத் திட்டத்தோடும் மட்டப்படத்தோடும் பொருந்துகிறது என்று மாமன்றத்தின் முன் எழுதிக்கொடுக்க வேண்டும். பொருந்தாவிட்டால் காரணம் சொல்ல வேண்டும். துறைமுகச் சட்டத்தில் வாரியத் திட்டமே செல்லும் என்ற வரியை மாற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை, தூத்துக்குடி எம்.பி. கேட்க வேண்டியது அது. கேட்டுகளில் மேம்பாலமா சுரங்கப்பாதையா என்று முடிவு செய்வதற்குள் மட்டப்படத்தைப் பார்த்துவிட வேண்டும். மழைத் தண்ணீர் நிற்கிற ஊரில் சுரங்கப்பாதை கட்டினால் ஆண்டுக்கு இரண்டு மாதம் அது குளமாகத்தான் கிடக்கும்.

உங்கள் வார்டில் அடுத்த பகுதி சபை கூடும்போது போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தத் தெருவுக்கு முழுமைத் திட்டத்தில் எத்தனை அடி அகலம், எவ்வளவு உயரம் என்று எழுதியிருக்கிறது? பதிலை வாயால் வாங்காதீர்கள், தாளில் வாங்குங்கள்.